கேட்டுக்கு வெளியே பெரட்டு

எங்கள் எஸ்டேட் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று சொன்ன எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாக இதை எழுதிவிடுகிறேன். படிக்கிற காலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், யார் காதிலும் ஏறவில்லை. "லேட்டா வர்ற கூட்டம்" என்பதுதான் எங்களுக்கு வைத்த பேர். எஸ்டேட் வேன் வந்து நின்றதும் பள்ளிக் கேட்டுக்கு உள்ளே வரிசையில் நிற்கிற பிள்ளைகள் தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்ப்பார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் படித்தது மலை டவுனில் இருக்கிற மிஷன் இடைநிலைப்பள்ளி. கன்னியாஸ்திரிகள் கட்டியது. அவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு அரசாங்கம் நடத்துகிறது. சுவரில் சிலுவையும், வெள்ளிக்கிழமைகளில் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஜெபக் கூட்டமும் மிச்சம். திரிங்காப் காய்கறித் தோட்டத்துச் சீனப் பிள்ளைகள், டவுனில் இருக்கும் மலாய்ப் பிள்ளைகள், காட்டோரக் கம்போங் கிராமங்களிலிருந்து வரும் ஒராங் அஸ்லி பழங்குடிப் பிள்ளைகள், எஸ்டேட்டிலிருந்து நாங்கள். எல்லோருக்கும் ஒரே சீருடை, ஒரே கேன்டீன், ஒரே நாசி லெமாக் சோறு. மழைக்காலத்தில் யாருடைய காலுறையும் காய்ந்திருக்காது. அந்த விஷயத்தில் பள்ளிக்கூடத்தில் பாரபட்சமே கிடையாது.

நான் மூன்றாம் படிவம் படித்த வருஷம், பதினைந்து வயதில், பள்ளியில் ஏகப்பட்ட நடவடிக்கை. கேன்டீன் தினத்தன்று, "நீங்க எஸ்டேட் பிள்ளைங்கதானே, தே தாரிக் டீக்கடை போடுங்க" என்று எங்கள் தலையில் கட்டினார்கள். எங்கள் அம்மாக்கள் சுட்டுக் கொடுத்த வடைதான் முதலில் தீர்ந்தது. குறுக்கோட்டப் போட்டியை எங்கள் எஸ்டேட் ரோட்டிலேயே வைத்தார்கள். அந்த ஏற்றத்தில் மற்ற பிள்ளைகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க, எங்கள் பிள்ளைகள் மூச்சுக்கூட வாங்காமல் ஓடிக் கோப்பைகளை அள்ளினார்கள். ஆசிரியர்கள் கைதட்டினார்கள், கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு எங்களை யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை மறுபடி கேட்டுக்கு வெளியே நின்றோம்.

ஏன் லேட் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எஸ்டேட்டில் விடிவதற்கு முன் ஆபீஸ் வாசலில் ஆள் கூட்டிப் பேர் கூப்பிடுவார்கள். அதற்குப் பெயர் பெரட்டு. கங்காணி லைன் லைனாக, ஒவ்வொரு வீட்டு வரிசையாகக் கூப்பிடக் கூப்பிட, அந்தந்த வீட்டு ஆள் குரல் கொடுக்க வேண்டும். யார் எந்த மலைக்குத் தேயிலைக் கொழுந்து வெட்டப் போவது என்று அங்கேதான் பிரிப்பார்கள். பக்கத்து மலை என்றால் ஆட்கள் லோரியில் போய்விடுவார்கள், வேன் நேராக எங்களை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போகும். தூரத்து மலை என்றால் வெட்டுகிற மெஷின், சாக்கு, எண்ணெய் எல்லாம் லோரியில் ஏறிவிடும், ஆட்களுக்கு இடம் இருக்காது. வேன் முதலில் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் எங்களிடம் வரும். அதற்குள் திரிங்காப் பக்கமிருந்து காய்கறி லோரிகள் இறங்கத் தொடங்கியிருக்கும். ஸ்ட்ராபெரி பறிக்க வந்த சுற்றுலாக்காரர்களின் பஸ் ஒன்று எப்படியும் வளைவில் மாட்டிக்கொண்டிருக்கும். இதில் நாங்கள் செய்த தப்பு எது என்று யாராவது சொல்லட்டும்.

நாங்கள் எழுந்திருக்காததாலா லேட்? பெரட்டுக்கே நாங்கள்தான் போவோம். அம்மா அடுப்படியில் சோறு கட்டிக்கொண்டிருப்பார். சீருடையோடு நான் ஆபீஸ் வாசல் களத்தில் போய் நிற்பேன். கங்காணி எங்கள் லைனைக் கூப்பிட்டதும் அம்மாவுக்குப் பதிலாக, "ஆள் இருக்கு" என்று குரல் கொடுப்பேன். எஸ்டேட்டில் பெண்பிள்ளை உள்ள வீடுகளில் இது காலங்காலமாக நடப்பது. வண்டி கிளம்புவதற்குள் அம்மா வந்து ஏறிவிட்டால் கங்காணி ஒன்றும் கேட்க மாட்டார். இப்போது வெட்டுகிறவர்களில் பாதிக்கு மேல் வங்காளதேசத்து அண்ணன்மார்கள். அவர்களும் "ஆள் இருக்கு" என்று தமிழில்தான் குரல் கொடுப்பார்கள்.

அந்த வருஷத் தொடக்கத்தில் பள்ளிக்குப் புதுக் கட்டொழுங்கு ஆசிரியை வந்தார். மணி அடித்ததும் கேட்டைப் பூட்டச் சொன்னார். காலைச் சபைகூடல் முடியும் வரை லேட்டாக வந்தவர்கள் வெளியே நிற்க வேண்டும். பிறகு கேட்டைத் திறந்து ஆளுக்கொரு குப்பைக் கூடையைக் கையில் கொடுப்பார்கள். முதல் பீரியட் முழுக்கக் குப்பை பொறுக்க வேண்டும், பூந்தொட்டிகளில் களை பிடுங்க வேண்டும். எங்கள் வகுப்புக்கு முக்கால்வாசி நாள் முதல் பீரியட் கணக்கு. கணக்கில் மார்க் குறைந்தால் நான்காம் படிவத்தில் சயின்ஸ் கிளாஸ் கிடைக்காது. எனக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்க வேண்டும் என்று ஆசை. எங்கள் கிளினிக்கில் ரத்தம் எடுத்துக் கீழே தாப்பா ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அந்த ரத்தத்தைப் பார்த்து இன்ன வியாதி என்று சொல்கிறவள் நானாக இருக்க வேண்டும் என்று சின்ன வயதிலேயே முடிவு செய்துவிட்டேன். சயின்ஸ் இல்லாவிட்டால் அந்தக் கதவு அத்தோடு சரி. நான் களை பிடுங்கிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் வழியாக ஆசிரியர் சமன்பாடு நடத்தும் குரல் கேட்கும். கரும்பலகை தெரியாது.

அந்த ஆசிரியையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் ஆள். தமிழர், கிறிஸ்தவர், எங்கள் எஸ்டேட்டிலேயே மேல் டிவிஷனில் பிறந்து வளர்ந்தவர். மேல் டிவிஷன் லைன் வீடுகளில் இப்போது யாரும் இல்லை, எல்லோரையும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். பேர் மட்டும் இருக்கிறது. எஸ்டேட்டில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். பள்ளிக்கூடத்தில் மட்டும் அவருக்கு நாங்கள் யாரோ. எங்களிடம் ஒரு நாளும் தமிழ் பேசியதில்லை, மலாயில்தான் திட்டுவார். முதல் நாள் கேட்டருகே நின்று, "நானும் எஸ்டேட்டிலிருந்துதான் வந்தேன். நடந்து வந்தேன். ஒரு நாளும் லேட்டானதில்லை" என்றார். அவர் நடந்த குறுக்குப்பாதை பாதியில் மண் சரிந்து கிடக்கிறது, மீதியில் ஏதோ ரிசார்ட் வேலி போட்டிருக்கிறது. அதை யார் அவரிடம் சொல்வது? நான் சொன்னேன். எதிர்த்துப் பேசியதற்காக இன்னொரு கூடை கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதே ஆசிரியை மாதா கோயிலில் எங்களுக்கு முன்வரிசையில் இருப்பார். ஃபாதர் கீழே ரிங்லெட் ஊரில் ஒரு பூசை முடித்துவிட்டுத்தான் மேலே வருவார். ஞாயிற்றுக்கிழமை ரோட்டைக் கேட்கவே வேண்டாம், கோலாலம்பூரே மலையேறி வந்து நிற்கும். ஃபாதர் வந்து சேரும் வரைக்கும் பாடிக்கொண்டிருப்பது எங்கள் கோயில் வழக்கம். ஒரு பாட்டு முடிந்ததும் இன்னொன்று, அது முடிந்ததும் மாதா பாட்டு. எடுத்துக் கொடுப்பவர் அந்த ஆசிரியைதான், நல்ல குரல். ஒரு ஞாயிறு நாங்கள் தெரிந்த பாட்டையெல்லாம் பாடித் தீர்த்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஃபாதர் வேர்த்து விறுவிறுக்க உள்ளே வந்து, "மன்னிச்சிக்குங்க, ஜாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியையும் சிரித்தார். பாவம் ஃபாதர் என்றார்.

எனக்கு உள்ளே கொதித்தது. ஃபாதருக்கு ஜாம் என்றால் பாவம், எங்களுக்கு ஜாம் என்றால் குப்பைக் கூடை. கோயில் கதவை யாரும் பூட்டவில்லையே.

மறுநாள் தூரத்து மலை. வழக்கம்போலப் பூட்டிய கேட், உள்ளே சபைகூடல். தலையைத் தொங்கப்போட்டு நிற்பது எனக்கு அலுத்துவிட்டது. ரோட்டோரத்தில் எங்கள் பிள்ளைகளை லைன் லைனாக நிற்கச் சொன்னேன். கங்காணி மாதிரியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "முதல் லைன்" என்றேன். ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு முதல் படிவத்துப் பெண் ஒருத்தி, "ஆள் இருக்கு" என்றாள். அவ்வளவுதான், எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ரெண்டாம் லைன், ஆள் இருக்கு. ஆத்தோர லைன், ஆள் இருக்கு. கடைசியில் கேட்டைப் பார்த்துக்கொண்டு, "மேல் டிவிஷன்" என்று சத்தமாகக் கூப்பிட்டேன்.

"அங்கதான் யாருமில்லையேக்கா" என்றாள் அந்த முதல் படிவத்துச் சின்னவள்.

"இருக்காங்க. உள்ள நிக்கிறாங்க."

ஆசிரியை கேட் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தார். கேட்டிருக்க வேண்டும். திரும்பவில்லை.

உள்ளே நாட்டுப்பண் தொடங்கியதும் நாங்களும் வெளியே நிமிர்ந்து நின்று பாடினோம். பள்ளிப் பாட்டையும் பாடினோம். கேட் திறக்கும் வரைக்கும் கோயிலில் பாடுவது போலப் பாடிக்கொண்டே இருந்தோம். அன்றிலிருந்து வேன் லேட்டாகும் நாளெல்லாம் கேட்டுக்கு வெளியே பெரட்டு, பாட்டு, பிறகு கேட்டைத் திறந்து கூடை கொடுக்கும் வரை கால்வாய்க் கட்டையில் உட்கார்ந்து கணக்கு. நான் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன். எனக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. முதல் சோதனையில் கணக்கு மார்க் விழுந்துவிட்டது. இன்னொரு தரம் இப்படி விழுந்தால் சயின்ஸை மறந்துவிடு என்று வகுப்பாசிரியர் நல்ல மனசோடுதான் சொன்னார்.

இதற்கிடையில் சுற்றுலா வந்தவர்கள் காரை நிறுத்தி எங்களைப் படம் எடுத்துப் போன்களில் பரப்பிவிட்டார்கள். பூட்டிய கேட், பாடுகிற பிள்ளைகள். தலைமை ஆசிரியைக்கு எங்கிருந்தோ போன் வந்திருக்கிறது. என்னைத் தனியாக அழைத்தார், உட்காரச் சொன்னார். அந்த அறையில் அதுவரை நான் உட்கார்ந்ததில்லை. நான் நன்றாகப் படிக்கிற பிள்ளை என்றும், பள்ளிக்கு என் மார்க் வேண்டும் என்றும் சொன்னார். நாளையிலிருந்து வேன் லேட்டானாலும் நான் மட்டும் சின்ன கேட் வழியாக உள்ளே வந்து நேராக வகுப்புக்குப் போகலாம். பதிலுக்கு ரோட்டில் பாடுவதை நிறுத்திவிட வேண்டும்.

வீட்டில் வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நல்லதா போச்சு. உள்ள போய் உக்காந்து படி."

"மத்த பிள்ளைங்க?"

"அதுங்களுக்கு அதுங்க அம்மா இருக்காங்க லா. உனக்கு நான் இருக்கேன். நான் எதுக்கு இந்த மெஷினத் தூக்கிட்டு மலை மலையா ஏறுறேன்? நீ ரோட்டுல பாட்டுப் பாடவா?"

"பாட ஆரம்பிச்சது நான்தானேம்மா."

"ஆரம்பிச்சவளே முடிச்சிரு."

அம்மா சொன்னதில் தப்பில்லை. தப்பில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. சாப்பிடாமல் படுத்தேன். எனக்குச் சயின்ஸ் வேண்டும், வேண்டவே வேண்டும். ஆனால் நான் உள்ளே நடந்து போகும்போது சின்னவள் கையில் கூடையோடு என் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பார்வைக்கு முன்னால் எனக்கு எந்த லேபும் வேண்டாம் என்று தோன்றியது.

அடுத்த நாளும் தூரத்து மலைதான். ஆசிரியை சின்ன கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். என் பேரைச் சொல்லி, உள்ளே வா என்றார், மலாயில்.

"எல்லாரும் வந்தா வர்றேன் டீச்சர்" என்றேன் தமிழில்.

"உனக்குக் கொடுத்த சலுகை இது. தெரியுமா?"

"தெரியும் டீச்சர். வேணாம்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. சோம்பேறித்தனத்துக்கு வக்காலத்து வேறா என்றார். நேரத்தோடு எழுந்தால் வழி கிடைக்கும், நான் வரவில்லையா என்றார். நீங்கள் எல்லாம் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள் என்று ஒரு நாள் நானே வந்து பார்க்கிறேன் என்றார். அதைத்தான் நானும் எதிர்பார்த்திருந்தேன்.

"வாங்க டீச்சர். பெரட்டுக்கு வாங்க. ஆனா பள்ளிக்கூடத்துக்குக் கார்ல போகக் கூடாது. எங்ககூட வேன்ல வரணும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வருகிறேன்" என்றார்.

சொன்னபடி வந்தார். ஆபீஸ் பக்கம் காரை நிறுத்திவிட்டுக் கைப்பையை மாட்டிக்கொண்டு களத்தின் ஓரத்தில் நின்றார். எங்களைப் படுக்கையிலிருந்து எழுப்பத்தான் வந்திருப்பார். நாங்கள் எல்லோரும் தலை சீவி, சப்பாத்து மாட்டி, அவருக்கு முன்னாலேயே களத்தில் நின்றோம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

கங்காணி கூப்பிடத் தொடங்கினார். எங்கள் லைன் வந்ததும் அம்மாவுக்காக நான் குரல் கொடுத்தேன். ஒவ்வொரு லைனாகப் போய்க் கடைசியில், "மேல் டிவிஷன்" என்றார். அங்கே வீடுதான் இல்லை. அங்கிருந்து இறங்கி வந்த ஆட்களை இன்னமும் அந்தப் பேரில்தான் கூப்பிடுவார்.

"ஆள் இருக்கு."

களத்தில் எல்லோரும் திரும்பினார்கள். குரல் கொடுத்தது ஆசிரியை. அவருக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பெரட்டில் நிற்கிற பெண்பிள்ளை மாதிரியே குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்து நின்றிருந்தார். கங்காணி கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "யாரு, மேல் டிவிஷன் பெரியக்கா மகளா? இன்னுமா உங்கம்மா சோறு கட்டுது?" என்றார். அந்த அம்மா இறந்து எத்தனையோ வருஷம். ஆட்கள் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பில்லை. ஆசிரியை சிரிக்கவில்லை, முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வரவில்லை. இவர் தினமும் இங்கே நின்று குரல் கொடுத்துவிட்டு, அந்தக் குறுக்குப்பாதையில் ஓடியிருக்கிறார். எல்லாம் தெரிந்தவர். தெரிந்துகொண்டே எங்களுக்குக் கூடை கொடுத்திருக்கிறார். அவர் மேல் இரக்கமும் கோபமும் ஒன்றாக வந்தன, கோபம்தான் கொஞ்சம் அதிகம்.

அன்றும் தூரத்து மலை. வேன் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஆசிரியை எங்களோடு களத்தில் காத்திருந்தார். "எப்ப வரும்?" என்று கேட்டார், தமிழில். "வரும் டீச்சர்" என்றேன். வந்தது. அவரை முன்சீட்டில் உட்காரச் சொன்னார் டிரைவர். அவர் எங்களோடு பின்னால் ஏறி, மலைக்குப் போன ஆட்களின் உடுப்பு ஈரம் காயாத சீட்டில் உட்கார்ந்தார். மெயின் ரோட்டில் காய்கறி லோரிகள், அவற்றுக்குப் பின்னால் ஒரு பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் நாங்கள். அவர் கடிகாரத்தைப் பார்ப்பதையும் ஒரு கட்டத்தில் விட்டுவிட்டார்.

பள்ளிக்கு வந்தபோது மணி அடித்து முடிந்து கேட் பூட்டியிருந்தது. அவர் போட்ட சட்டம், அவர் வாங்கிய பூட்டு. சாவி வைத்திருந்த ஐந்தாம் படிவத்து மாணவர் தலைவி பதறிப்போய் ஓடிவந்து சின்ன கேட்டைத் திறந்தாள்.

"டீச்சர், நீங்க வாங்க" என்றாள் மலாயில்.

"இவங்க?"

"இவங்க லேட், டீச்சர்."

ஆசிரியை ஒரு காலை எடுத்துச் சின்ன கேட்டுக்கு உள்ளே வைத்தார். நான் கெஞ்சவில்லை, அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு நீட்டிய அதே கதவு இன்று அவருக்கு. என்ன செய்வார் என்று பார்த்துவிடலாம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூப்பிட ஆரம்பித்தேன்.

"முதல் லைன்."

"ஆள் இருக்கு."

"ரெண்டாம் லைன்."

"ஆள் இருக்கு."

"ஆத்தோர லைன்."

"ஆள் இருக்கு."

உள்ளே சபைகூடலில் அத்தனை தலைகளும் எங்கள் பக்கம் திரும்பியிருந்தன. நான் கொஞ்சம் நிறுத்தி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "மேல் டிவிஷன்" என்றேன்.

அவர் உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தார். எங்கள் வரிசையின் கடைசியில் வந்து நின்றார்.

"ஆள் இருக்கு" என்றார். களத்தில் வாய்தவறி வந்த குரல் இல்லை இது. திடலின் கடைசி வரிசைக்கும் கேட்டது. பிறகு சாவிக்காரியைப் பார்த்து, "பெரிய கேட்டத் திற லா" என்றார்.

நாங்கள் எல்லோரும் பெரிய கேட் வழியாக உள்ளே போனோம். நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை, இன்றுவரைக்கும் சொல்லவில்லை. அது எங்கள் பள்ளிக்கூடத்துக் கேட், எங்களுக்குத் திறப்பதற்கு எதற்கு நன்றி? அதற்குப் பிறகும் தூரத்து மலை நாட்களில் வேன் லேட்டாகத்தான் வந்தது. கேட்டை யாரும் பூட்டவில்லை. வருஷக் கடைசியில் சயின்ஸ் கிளாஸ் கிடைத்தது, யாருடைய சலுகையிலும் இல்லை, என் மார்க்கில்.

பெரிய கேட் திறந்த அன்றைக்கு முதல் பீரியட் கணக்கு. வகுப்பில் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். கரும்பலகை நன்றாகத் தெரிந்தது.